இடது கண்ணுக்குக் கீழே

சின்னவளின் மச்சம் கழன்று விழுந்தது ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, போட்டோ ஸ்டூடியோவில் நெகட்டிவ் திருத்தும் டச்சிங் மேசைமேல். அந்த நேரத்தில் சின்னவள் நான்கு தெரு தள்ளி, வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது கண்ணுக்குக் கீழே இருந்தது இல்லாமல் போனது என்று பின்னால் சொன்னாள். வலிக்கவில்லையாம். சீப்பு பட்டு உதிர்ந்துவிட்டதோ என்று தரையில்கூடக் குனிந்து தேடியிருக்கிறாள். இங்கே ஸ்டூடியோவில் அது கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, கறுப்பாக, மேசையின் சரிவில் உருண்டு பென்சில் சீவல்களுக்கு நடுவில் போய் நின்றது. ஏதோ பூச்சி என்று நினைத்து, அங்கே வேலை பார்த்த அக்கா, பெரியவள், ஊதப் போனாள். நல்லவேளை, ஊதவில்லை. ஒரு காலித் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அதில் போட்டு மூடினாள். நெகட்டிவிலிருந்து மச்சத்தை எடுத்தவள் அவள்தானே, வேறு யார் பத்திரப்படுத்துவார்கள்?

அந்த நகரத்தில் அப்போது எல்லாரும் இரண்டு பதிவேடுகளில் ஒன்றில் இருந்தார்கள். இனப் பதிவு அலுவலகத்தில் ஒன்பது கட்டம் போட்ட ஓர் அட்டை உண்டு. முதல் கட்டம் வெள்ளைக் காகிதம், ஒன்பதாம் கட்டம் நனைந்த கரி. முகம் நான்காம் கட்டத்துக்குள் அடங்கினால் வெளிர் இனம். ஐந்திலிருந்து அடர் இனம். வெளிர் இனத்துக்கு மேல் நகரம், நாள் முழுக்கத் தண்ணீர், கண்ணாடி ஜன்னல் வைத்த பள்ளிக்கூடம், உட்கார்ந்து பார்க்கிற வேலை. அடர் இனத்துக்கு மிச்சம் எல்லாம். இதில் வேடிக்கை என்னவென்றால், குமாஸ்தா ஆளைப் பார்க்க மாட்டார், படத்தைத்தான் பார்ப்பார். வெயிலில் வந்தவன் கறுத்திருப்பான், காய்ச்சலில் வந்தவன் வெளுத்திருப்பான், படம் பொய் சொல்லாது என்று சட்டம் எழுதினவர்கள் நம்பினார்கள். அவர்கள் யாரும் ஒரு ஸ்டூடியோவின் பின்னறைக்குள் எட்டிப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

பின்னறையில் பெரியவள் இருந்தாள். தெருவில் அவளுக்குப் பென்சில்காரி என்று பெயர். ஜன்னலோரம் சரிவான மேசை, அதில் பால்நிறக் கண்ணாடி, அடியில் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ஒரு நிலைக்கண்ணாடித் துண்டு. நெகட்டிவைக் கண்ணாடிமேல் வைத்து, பிடிமானத்துக்கு ஒரு சொட்டு மருந்து தடவி, ஊசியாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். நெகட்டிவில் பென்சில் கறுப்பாக ஏறும். பிரிண்ட் போட்டால் அந்த இடம் வெளுத்து வரும். மச்சமும் தழும்பும் நெகட்டிவில் வெறும் ஓட்டையாகத் தெரியும். அதை அடைத்துவிட்டால் போதும். மச்சம் எடுப்பது அவளுக்குக் கைப்பழக்கம். யாரையும் கேட்பதில்லை. வந்தவர்களை அரைக் கட்டம் வெளுக்கவைத்து, முகத்தைத் துடைத்துவிட்ட மாதிரி ஆக்கி அனுப்புவாள். எட்டாம் கட்டத்துக்காரர் ஏழரையாகி வாயெல்லாம் பல்லாகப் போவார். அதற்குமேல் போகக் கூடாது, ஸ்டூடியோவை இழுத்து மூடிவிடுவார்கள் என்று முதலாளி கண்டித்து வைத்திருந்தார்.

சின்னவளுக்கு மட்டும் அவள் மூன்று கட்டம் போனாள். டைப்பிஸ்ட் வேலை ஒன்று மேல் நகரத்தில் காலியாக இருந்தது. சின்னவளின் விரல்கள் அந்த வட்டாரத்திலேயே வேகமானவை. "வேலைக்கு மட்டும்தான்க்கா. சாயங்காலம் ஆனா வீட்டுக்கு வந்துடப் போறேன். எனக்கென்ன அங்கயே குடியிருக்கணும்னா ஆசை?" என்று ஒரு மாதம் நச்சரித்தாள். பெரியவளுக்குத் தங்கை என்றால் உயிர். முதலாளிக்குத் தெரியாமல் பதினொரு நாள் உட்கார்ந்து நெற்றி, கன்னம், மூக்கு, கழுத்து, காது என்று இழைத்தாள். முகம் முடிந்து, கை தன் போக்கில் போய், இடது கண்ணுக்குக் கீழே இருந்த ஓட்டையையும் அடைத்துவிட்டது. மச்சம் மேசையில் விழுந்தபோதுதான் அவளுக்கே உறைத்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கதவைத் திறந்தவள் நான்காம் கட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள். படம் மட்டும் அல்ல, மச்சம் போன பிறகு ஒரே பகலில் ஆளே வெளுத்திருந்தாள். எத்தனையோ பேருக்கு டச்சிங் செய்தும் யாருக்கும் ஆகாதது இவளுக்கு ஏன் ஆனது என்று கேட்டால், பெரியவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். மற்றவர்களுக்குச் செய்தது வேலை, இவளுக்குச் செய்தது ஆசை.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பவள். அன்றைக்கு வேலை முடிந்து வந்து சின்னவளைப் பார்த்தாள். வெளுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பி, கண்ணுக்குக் கீழே கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு பெரியவள் பக்கம் திரும்பி, "இத யாரைக் கேட்டு எடுத்த?" என்றாள். அதே இடத்தில் அம்மாவுக்கும் ஒரு மச்சம் உண்டு. தாயும் மகளும் ஒரே அச்சு என்று ஊரே சொல்லும். பெரியவளுக்கு மச்சம் கிடையாது. அவள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள், அப்பாவோ நினைவு தெரிவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர். சின்ன வயதில் அவள் கரித்துண்டால் கண்ணுக்குக் கீழே புள்ளி வைத்துக்கொண்டு வந்து அம்மா முன்னால் நின்றிருக்கிறாள். அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் துடைத்துவிட்டாள். அதை ஒரு தப்பாக அம்மா நினைத்திருக்க மாட்டாள். பெரியவள் மறக்கவும் இல்லை.

முதல் வருஷம் சின்னவள் சொன்னபடி தினமும் சாயங்காலம் வந்தாள், தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு. இரண்டாம் வருஷம் வாரம் ஒரு முறை. அப்புறம் அவள் அலுவலகத்தில் ஒரு நில அளவையாளர் இருந்தார், நல்ல மனுஷர், நாய்க்குட்டிகளுக்குப் பெயர் வைத்து ஞாபகம் வைத்திருப்பவர். அவரிடம் தனக்கு யாரும் இல்லை என்று சொல்லியிருந்தாள். கல்யாணப் படம்கூட வேறு ஸ்டூடியோவில் எடுத்தார்கள். அதன் பிறகு ஏழு வருஷம் அவள் கீழ் நகரத்தில் கால் வைக்கவில்லை. பெரியவள் மாதம் ஒரு முறை பிஸ்கட் டின்னைத் திறந்து தங்கையின் நெகட்டிவை எடுத்து, உதிர்ந்த புள்ளிகளைத் திரும்ப வைத்து, மூடினாள். பென்சில் நாள்பட்டால் உதிரும் அல்லவா, அவள் பார்த்துக்கொள்ளாவிட்டால் அங்கே தங்கையின் முகம் என்ன ஆகும்? தன்னுடைய நெகட்டிவிலும் ஒரு முறை முயன்று பார்த்தாள். தன் முகத்தில் பென்சில் பிடிக்கவே இல்லை, எண்ணெய்த் தாளில் எழுதினாற்போல வழுக்கியது. சரி, நமக்கு விதித்தது அவ்வளவுதான் என்று விட்டுவிட்டாள்.

அம்மா படுக்கையில் விழுந்தபோது ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "சின்னவ வந்தாளா?" பெரியவள் தண்ணீர் கொடுத்தாலும் அதே கேள்வி, விரிப்பு மாற்றினாலும் அதே கேள்வி. பொறுக்க முடியாமல் பெரியவள் ஒரு மத்தியானம் மேல் நகரத்துக்கு ஏறிப் போனாள். பச்சை கேட், உள்ளே சின்னதாகத் தோட்டம், வாசலில் சின்னவளும் அவள் மாமியாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். கை ஒரு கணம் நின்றது. "சலவைக்காரம்மா போலிருக்கு," என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, "இன்னிக்கு துணி எதுவும் இல்லம்மா, போயிட்டு வாங்க," என்றாள். போயிட்டு வாங்க என்கிற மரியாதைதான் பெரியவளை அறுத்தது. பிறந்ததிலிருந்து தங்கை அவளை நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறாள். கேட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

சின்னவள் வரமாட்டாள் என்பது அம்மாவுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. சாவதற்கு முதல் நாள், கட்டிலுக்கு அடியில் இருந்த தையல் டப்பாவை எடுக்கச் சொன்னாள். நூல்கண்டுகளுக்குக் கீழே துணி சுற்றிய ஒரு கண்ணாடி நெகட்டிவ் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த பெரியவளுக்குத் தொழில் கண் உடனே பேசியது. அதில் பென்சில் இல்லை. பிளேடால் சுரண்டியிருந்தது, நெற்றி முதல் கழுத்து வரை, மயிரிழை மயிரிழையாக. நெகட்டிவில் சுரண்டினால் படம் கறுக்கும். "உங்கப்பாவுக்காக," என்றாள் அம்மா. "நான் மேல பொறந்தவ. ரெண்டாம் கட்டம். இவரைக் கட்டிக்கணும்னா இறங்கி வந்தாகணும்னாங்க, இறங்கிட்டேன். அப்ப அந்த ஸ்டூடியோல இருந்த பெரியவர்தான் சுரண்டிக் குடுத்தாரு." ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அம்மா, "சொல்லியிருந்தா நீங்க ரெண்டு பேரும் அங்க போயிருப்பீங்களே," என்றாள். பென்சிலைத் துடைத்துவிடலாம், சுரண்டினதைத் திரும்ப ஒட்ட முடியாது. அம்மா ஏழாம் கட்டத்திலேயே செத்துப்போனாள்.

அடக்கத்துக்கு ஆள் விட்டும் சின்னவள் வரவில்லை. மறுநாள் காலை பெரியவள் ஸ்டூடியோவுக்குப் போய், தங்கையின் நெகட்டிவைக் கண்ணாடிமேல் வைத்து, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டாள். ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். பச்சை கேட்டுக்கு உள்ளே, மாமியாருக்கு எதிரில், பட்டாணிக் கிண்ணத்தோடு சின்னவள் ஏழாம் கட்டத்தில் உட்கார்ந்திருப்பாள். துரத்துவார்கள். வேறு போக்கிடம் இல்லாமல் அக்காவிடம்தான் வருவாள். பெரியவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்: தங்கை பிறந்த வீட்டுக்குள் வந்து, நாலு பேர் காதில் விழ ஒரு முறை அக்கா என்று கூப்பிட வேண்டும். பஞ்சைக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். பாவம், மனசு வரவில்லை. கோபமும் ஆறவில்லை. கடைசியில் இடது காது மடலை மட்டும் துடைத்துவிட்டு, பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள்.

நாலாம் நாள் சின்னவள் வந்தாள். காதை மறைத்துத் துணி கட்டியிருந்தாள், கையைப் பிடித்தபடி ஆறு வயதுப் பெண்குழந்தை. முதலாளி முன்னால் வாடிக்கையாளர் மாதிரி நின்று, பிள்ளைக்குப் பதிவுப் படம் வேண்டும் என்றாள். பின்னறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் குரல் மாறியது. "என்னக்கா இப்படிப் பண்ணிட்ட? உனக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?" கேட்டது முழுக்க வசவுதான், ஆனால் அதில் அக்கா இருந்தது. பெரியவளுக்கு அது போதுமாக இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு. உட்காரவைத்து, அம்மாவின் கண்ணாடி நெகட்டிவைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். இனி பயப்பட ஒன்றும் இல்லை, நாம் இரண்டு பக்கத்துக்கும் பிறந்தவர்கள், வீட்டுக்கு வந்து போ என்று சொல்லத்தான் காட்டினாள். சின்னவள் நெகட்டிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்துப் பெரியவள் நெகட்டிவைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

"அப்ப நான் எங்கயும் திருடிட்டுப் போகலையே," என்றாள் சின்னவள். "எங்கம்மா வீட்டுக்குத்தானே போயிருக்கேன். இத்தன வருஷமா குத்தம் செஞ்ச மாதிரி தூங்காம கெடந்தேன்கா."

"அப்ப நான் யாருடி?" என்றாள் பெரியவள்.

சின்னவள் குழந்தையை முன்னால் நிறுத்தினாள். அது மாதத்துக்கு மாதம் கறுத்துக்கொண்டு வந்தது. பிறந்தபோது மூன்று, இப்போது ஆறு. வெயில் வெயில் என்று சொல்லிச் சமாளித்தாகிவிட்டது; இனிப் படம் எடுத்துப் பதிய வேண்டும். குழந்தையின் இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது. பெரியவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட சின்னவள், "அதையும் எடுத்துடு. எங்க மாமியார் தெனமும் கேக்கறாங்க, இது யார் வழில வந்த மச்சம்னு," என்றாள். பெரியவள் ஒன்றே ஒன்று கேட்டாள். இந்தக் குழந்தை தன்னைப் பெரியம்மா என்று ஒரே ஒரு தடவை கூப்பிட வேண்டும், அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்து தருகிறேன். சின்னவள் யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள். "பள்ளிக்கூடத்துல போய் உளறிடுமேக்கா," என்றாள். அப்போது குழந்தை பென்சில் சீவலை விரலில் சுற்றிக்கொண்டே, "போட்டோக்காரம்மா, இது எனக்கா?" என்று கேட்டது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஒன்பது நாளில் குழந்தை வெளுத்தது. ஆசையாகச் செய்தாள், அதனால் பலித்தது. இரண்டாவது மச்சமும் மேசையில் விழுந்து தீப்பெட்டிக்குள் போனது. காது மடலும் சரியாயிற்று. வளர்கிற பிள்ளைக்கு ஆண்டுதோறும் புதுப் படம் வேண்டும் என்பது விதி. அதனால் ஆண்டுக்கு ஒரு முறை தங்கையும் மகளும் வந்தார்கள். பத்து நிமிஷம். குழந்தை ஸ்டூலில் உட்காரும், பெரியவள் மோவாயைத் தொட்டு நிமிர்த்துவாள், காலரைச் சரி செய்வாள். ஒரு வருஷம் முன்பல் விழுந்திருந்தது, ஒரு வருஷம் சடை முழங்கையைத் தொட்டது, ஒரு வருஷம் யார்மீதோ கோபமாக இருந்து சிரிக்கவே மாட்டேன் என்றது. பெரியவள் இந்தப் பத்து நிமிஷத்தை வைத்துக்கொண்டு மிச்ச நாட்களைத் தள்ளினாள். கல்யாணம் என்று யாரோ பேச்செடுத்தபோது, நேரம் இல்லை என்று சொல்லிவிட்டாள். முதலாளி செத்தார், அவர் மருமகன் வந்தான், தெருவில் விளக்குக் கம்பம் வந்தது, பெரியவளுக்கு மூக்குக்கண்ணாடி வந்தது.

பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்து, வெளிர் இனத்தாருக்கு மட்டும் தரும் நிரந்தர அட்டை கிடைத்ததும், சின்னவள் தனியாக வந்தாள். இனிப் படம் தேவைப்படாது. நெகட்டிவ்களைக் கேட்டாள், தன்னுடையதையும் மகளுடையதையும். பென்சில் உதிராமல் இருக்க மேலே வார்னிஷ் பூசித் தரும்படியும் கேட்டாள், எங்கேயோ விசாரித்திருக்கிறாள். வார்னிஷ் பூசினால் அப்புறம் துடைக்கவும் முடியாது, இழைக்கவும் முடியாது. பெரியவளின் பிடி அத்தோடு விட்டுப்போகும் என்பது இருவருக்கும் தெரியும். "என்மேல நம்பிக்கை இல்லையாடி?" என்றாள் பெரியவள். சின்னவள் அழுதாள். "உன்மேல இருக்குக்கா. எனக்கு என்மேலதான் இல்ல. அது உன்கிட்ட இருக்கற வரைக்கும் எனக்கு இங்க வரணும்னு தோணிட்டே இருக்கும்," என்றாள். பெரியவள் எழுந்து வார்னிஷ் புட்டியைத் திறந்தாள். இரண்டிலும் பூசி, ஜன்னலோரம் காயவைத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். மச்சங்கள் எங்கே என்று சின்னவள் கேட்கவில்லை. மறந்திருப்பாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை, அவள் இருக்கிறாளா இல்லையா என்றும் கீழ் நகரத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அந்த வாரமே பெரியவள் தீப்பெட்டியைத் திறந்தாள். மச்சங்கள் கறுப்பு மங்காமல் அப்படியே இருந்தன. டச்சிங் மருந்தை ஒரு சொட்டுத் தொட்டு, இடது கண்ணுக்குக் கீழே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். பென்சில் பிடிக்காத முகத்தில் மச்சங்கள் பிடித்துக்கொண்டன. குளித்தாள், போகவில்லை, சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. மூன்றாம் நாள் ஒன்றில் ஒரு ரோமம் முளைத்தது. பக்கத்து வீட்டுக்காரி, வயசானா இப்படித்தான் புதுசு புதுசா வரும், எனக்கு முதுகெல்லாம் இருக்கு என்றாள்.

பிறகு சட்டம் மாறியது. படங்களை நம்புவதற்கில்லை என்று மேலே கண்டுபிடித்துவிட்டார்கள்; நிரந்தர அட்டை வாங்காதவர்கள் எல்லாரும் நேரில் வந்து கன்னத்தில் ஒன்பது கட்ட அட்டையை வைத்துப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. ஸ்டூடியோவில் பின்னறையைச் சாமான் அறை ஆக்கினார்கள். பெரியவள் தன் முறைக்கு, காலை எட்டு மணிக்குப் போய் வரிசையில் நின்றாள். மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் சின்னவளின் மகள் உட்கார்ந்திருந்தாள், வெள்ளைச் சட்டை, காதுக்குப் பின்னால் பேனா, தாயின் வேகமான விரல்கள்.

"நீங்க அந்த போட்டோக்காரம்மாதானே?" என்றாள்.

"ஆமாம்மா. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். மூஞ்சியக் கொஞ்சம் கிட்ட கொண்டு வாங்க." ஜன்னல் வழியாகக் கை நீட்டி, மோவாயைத் தொட்டு நிமிர்த்தி, அட்டையைக் கன்னத்தில் வைத்தாள். விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஏழு," என்று பதிந்தாள் அந்தப் பெண். "நெருங்கின சொந்தம் யாராச்சும்?"

பெரியவள் வாயைத் திறந்தாள். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"யாரும் இல்லம்மா."

"அங்க அடையாளம்?" அவளே எட்டிப் பார்த்தாள், பேனா முனையால் தொடாமல் தொட்டு எண்ணினாள். எழுதுவதற்கு முன்னால் தன் இடது கண்ணுக்குக் கீழே, ஒன்றும் இல்லாத இடத்தில், ஏதோ அரித்த மாதிரி சொறிந்துகொண்டாள். பிறகு எழுதி முடித்து, கையெழுத்து வாங்கி, அடுத்தவங்க வாங்க என்றாள்.

அந்தப் பதிவேடு அந்த அலுவலகத்தில் இன்னும் இருக்கிறது, அடர் இனம், நூற்றுப் பதினான்காம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி, அழகான சாய்ந்த கையெழுத்து. கட்டம்: ஏழு. உறவினர்: எவருமில்லை. அங்க அடையாளம்: இடது கண்ணுக்குக் கீழே மச்சம் இரண்டு, பிறவியிலேயே உள்ளவை.